திரைக்கு இந்தப் பக்கம்

ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். கற்றுக்கொடுக்கும் காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால் போதும், அவர் கால் அதன் மேல் போய்விடும். "எல்லாத்துக்கும் நீங்களே மிதிச்சா நான் எப்ப சார் கத்துக்கிறது?" என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு. அந்த மனிதர் போனில் ஏமாந்து கையில் இருந்ததையெல்லாம் தொலைத்தார் என்று தெரிந்தபோது தெருவே மூக்கின் மேல் விரலை வைத்தது.

மனைவி போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். பேச்சு சூடு பிடிப்பதற்குள் குழந்தைகளில் ஒன்று எதையாவது கொட்டும். "அப்புறம் பேசறேன்பா" என்று வைத்துவிடுவாள். அந்த அப்புறம் அடுத்த ஞாயிறுதான். ஆட்கள் வராத மதியப் பொழுதுகளில் மாஸ்டர் காரின் பின்சீட்டில் சாய்ந்து கிடப்பார்.

அப்படி ஒரு மதியம்தான் அந்தப் பெண் கூப்பிட்டாள். அவர் மனைவியின் பேரில் ஒரு காப்பீடு இருக்கிறது, யாரும் கேட்டு வாங்கவில்லை என்றாள். மனைவியின் முழுப்பெயர், பிறந்த தேதி, சேர்த்திருந்த மருத்துவமனை எல்லாம் பிசகில்லாமல் சொன்னாள். முதலில் கேட்ட கட்டணம் சின்னது. பிறகு வரி என்றாள், அதற்குப் பிறகு அபராதம் என்றாள். மாஸ்டருக்கு நடுநடுவே சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் அவரைக் கட்டிப்போட்டது காப்பீடு அல்ல, நாள் தவறாமல் வந்த அவள் குரல்.

"சாப்டீங்களா அப்பா?"

"ஆச்சும்மா."

"பொய். குரலே காட்டிக் குடுக்குதே."

அவர் வாய்விட்டுச் சிரிப்பார். அவளிடம்தான் அவர் மனைவியின் கடைசி நாட்களைச் சொன்னார். ஆள் அடையாளம் மறந்துபோய், அவரைத் தன் இறந்துபோன அண்ணன் என்று நினைத்துக்கொண்டாள் மனைவி. திருத்த மனம் வராமல் கடைசிவரை அண்ணனாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மகளிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. கேட்டுவிட்டு அந்தப் பெண், "நீங்க நல்லவர்ப்பா" என்றாள். மறுவாரம் கடைசிக் கட்டணத்துக்காக அவர் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த தன் சொந்தக் காரை விற்றார். அதற்கு அடுத்த நாள் அந்த எண் இல்லாமல் போனது.

பயிற்சி நிலையத்தில் கண் சரியில்லை என்று சொல்லி வீட்டோடு இருந்துவிட்டார். மகளிடம் மூச்சு விடவில்லை. காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டபோதுகூட, "நான் இல்லைங்க, ராங் நம்பர்" என்று வைத்தார்.

ஒரு கட்டடத்தின் மாடியில் வரிசையாக மேசை போட்டு இந்த மோசடியை நடத்திய கும்பலைப் பிடித்திருந்தார்கள். போனில் பேசியதையெல்லாம் அந்தக் கும்பலே பதிவு செய்து வைத்திருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடமாகப் போட்டுக் காட்டியது மாஸ்டரின் உரையாடலைத்தானாம்.

இதைப் பக்குவமாகச் சொன்னவர் பாதிக்கப்பட்டோர் உதவி அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள். மாஸ்டர் தலை நிமிரவே இல்லை.

"இது உங்க முட்டாள்தனம் இல்ல சார். ஆளை ஏமாத்தறது அவங்களுக்குத் தொழில். பழகிப் பழகிக் கை தேர்ந்தவங்க."

"சாட்சி சொல்ல வந்தா, கோர்ட்ல அவளைப் பார்க்கணுமா?"

"வேணாம்னா வேணாம். நடுவுல திரை கட்டச் சொல்லி கேக்கலாம், அது உங்க உரிமை. போக வர செலவைக் கோர்ட்டே குடுத்துடும். கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம். கேஸ் எங்க நிக்குதுன்னு எப்ப வேணா கேக்கலாம், யாரும் உங்களை விரட்ட முடியாது."

"என் சம்சாரத்தைப் பத்திப் பேசினது... அதை எல்லார் முன்னாடியும் போடுவாங்களா?"

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "அதை மட்டும் தனியறையில கேக்கச் சொல்லி நான் மனு போடறேன்."

மகள் கடைசியில் போலீஸ் மூலமாகத்தான் தெரிந்துகொண்டாள். பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே ஆரம்பித்தாள். "எவளோ ஒருத்திகிட்ட மாசக்கணக்கா பேசத் தெரிஞ்சுது. பெத்த பொண்ணுக்கு ஒரு போன் போடத் தெரியலையாப்பா?"

"நீ வேலையா இருப்பே."

"நான் வேலையா இருந்தேன், அவ சும்மா இருந்தாளா?"

அவர் அவள் தோளிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

வழக்கு நாளன்று வர வேண்டாம் என்றுதான் சொன்னார். அவள் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் மரச்சட்டத்தில் சாம்பல் துணி கட்டி வைத்திருந்தார்கள். மாஸ்டர் இந்தப் பக்கம், போனில் பேசியவள் அந்தப் பக்கம். அந்தக் குரலுக்கு அவர் மனதில் ஒரு முகம் செய்து வைத்திருந்தார். அது கலைந்துவிடாமல் இருந்தது அவருக்கு நிம்மதியாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மனு ஏற்கப்பட்டதால் மனைவி பற்றிய பேச்சை அங்கே போடவில்லை. அடையாளம் காட்டுவதற்காக ஒரு சின்னத் துண்டுதான். சாப்டீங்களா என்று அவள் கேட்க, மாஸ்டரின் சிரிப்பு அந்த உயரமான கூடம் முழுக்க எழுந்தது. அவருக்கே அது யாருடைய சிரிப்போ போல இருந்தது. பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அம்மா போன பிறகு அப்பா இப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

"இந்தக் குரல் உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அரசு வக்கீல்.

தெரியாது என்று சொல்ல ஒரு கணம் நாக்கு துடித்தது. தன்னைப் போல எத்தனை பேர் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"தெரியும். இவதான்."

உங்களுக்கு நேர்ந்த இழப்பைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி கேட்டார். எழுதிக்கொண்டு வந்த தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. "கார் போச்சுங்க ஐயா, அது போகட்டும். இப்ப யாராவது அன்பா பேசினா பயமா இருக்கு. பெத்த பொண்ணு பேசினாலும் இவளுக்கு என்ன வேணும்னு மனசு கணக்குப் போடுது. அதை யாரு சரி பண்றது?"

வெளியே நடைபாதையில் மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றிருந்தாள். அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

கும்பலுக்குத் தண்டனை ஆயிற்று. முடக்கிய கணக்கிலிருந்து மாஸ்டரின் பங்காக வந்த பணம் ஒரு காரின் டயருக்குக்கூடக் காணாது. அவர் மறுபடி வேலைக்குப் போனார், இப்போது நிலையத்துக் காரில். மகள் அடிக்கடி பஸ் ஏறி வருகிறாள். வந்தால் இருவரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போனில் அவர் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அவளும் வற்புறுத்துவதில்லை.

கடைசியாக உதவி அலுவலகத்துக்குப் போனபோது அந்த அம்மாள் ஒன்று கேட்டார். "அந்தப் பொண்ணு ஜெயில்ல இருந்து வெளிய வர்றப்ப உங்களுக்குச் சொல்லணுமா? கேட்டு வெச்சா தகவல் வரும். அதுவும் உங்க உரிமைதான்."

"வேண்டாங்க," என்று எழுந்தார். கதவு வரைக்கும் போனவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"சரி, சொல்லுங்க," என்றார். பயத்தினாலா வேறு எதனாலா என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல அவருக்கும் தெரிந்திருக்காது.