அம்மாவுக்கு அவள் சொன்ன கால்சியம்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவில் நானும் ஒரு வங்காளிப் பெண்ணும் ஒரே ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவிகள். தவளையின் இதயத் தசைக்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைச் செருகி மின்துடிப்பைப் பதிவு செய்வது எங்கள் வேலை. திரையில் கோடு சட்டென்று ஏறி, மேடைபோல் சற்று நின்று, பிறகு இறங்க வேண்டும். செல்லுக்குள் கால்சியம் நுழைவதால் வருவது அந்த மேடு. அவளுக்கு அது நாள்தோறும் கிடைத்தது. எனக்கோ ஊசி நழுவும், இல்லாவிட்டால் லோட்ஷெட்டிங் என்று மின்சாரம் போய்விடும். பேராசிரியர் அவள் படங்களைத்தான் சுவரில் ஒட்டினார். நான் அந்தச் சுவர்ப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

அந்தச் சமயத்தில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கால்சியம் நுழைவதைத் தடுக்கும் மாத்திரை என்று சொல்லி டாக்டர் ஒன்றைக் கொடுத்தார். எலும்பு போய்விடும் என்று அம்மா அதைத் தொடவே மறுத்தாள். நான் விளக்கியதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அந்த வங்காளிப் பெண் கரியாஹாட்டிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கும் பழகிப்போயிருந்த வங்காள மொழியில், சித்தியை அழைப்பதுபோல் மாசிமா என்று அழைத்துப் பேசினாள்.

"மாசிமா, செல்லின் சுவரில் குட்டிக் குட்டிக் கதவுகள் இருக்கு. மின்துடிப்பு வந்தால் திறக்கும். கொஞ்சம் கால்சியம் உள்ளே போகும், தசை சுருங்கும். நரம்பின் நுனியிலும் இப்படித்தான், அங்கே கால்சியம் போனால்தான் அடுத்த செல்லுக்குச் சேதி போகும். உங்க ரத்தக்குழாய் ரொம்ப இறுகிக் கிடக்கு. இந்த மாத்திரை அங்கே சில கதவுகளை மூடிவைக்கும், குழாய் தளரும். எலும்புக்கு ஒண்ணும் ஆகாது."

அம்மா தண்ணீர் கேட்டாள். அவள் முன்னாலேயே மாத்திரையை விழுங்கினாள். நானும் அதையேதான் சொல்லியிருந்தேன், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். சுவரில் ஒட்டிய படங்கள்கூட என்னை அப்படி எரித்ததில்லை. காப்பி கலக்கும் சாக்கில் சமையலறைக்குப் போய், பால் பொங்கி வழியும்வரை நின்றிருந்தேன்.

அம்மாவுக்கு வலி குறைந்தது. அடுத்த வருஷம் அந்தப் பெண் மேல்படிப்புக்கு வெளிநாடு போனாள். அவள் மேஜை எனக்கு வந்தது. மழை பெய்த ஒரு மத்தியானம், திரையில் கோடு ஏறி, அகலமாக நின்று, நிதானமாக இறங்கியது. அவள் எடுத்த எதையும்விடச் சுத்தமான பதிவு. சந்தோஷத்தைவிட முந்திக்கொண்டு வந்தது ஒரு ஆசை: இதை அவள் பார்க்க வேண்டும், பார்த்து ஒரு நிமிஷமாவது வயிறெரிய வேண்டும். திரும்பிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை.