சம்பந்தி முன்னால் கயபா

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது. வேறு யாராவது என்னை ஏமாற்றியிருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு ஆறியிருப்பேன். ஒருவரும் ஏமாற்றவில்லை. எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்திருந்தும் என் மண்டையில் ஏறவில்லை என்பதைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை.

மிச்சம் என்கிற இங்கிலீசு ஊரில் எங்கள் கோயில் பங்குத் தமிழர்கள் ஒவ்வொரு தவக்காலத்திலும் யேசுவின் திருப்பாடுகளின் நாடகம் போடுவோம். யாழ்ப்பாணத்து ஆட்களும் மன்னார் ஆட்களும் வேலை முடிந்து ஓடிவந்து பங்கு மண்டபத்தில் ஒத்திகை பார்ப்போம். எனக்குப் பல வருஷமாகக் கயபா வேஷம். யேசுவைச் சாகடிக்க வேண்டும் என்று நிற்கிற யூதத் தலைமைக் குரு. எனக்குக் குரல் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு, ஒத்திகையே தேவையில்லை என்று மனைவி சொல்லுவாள். அவளும் மேடையில் நிற்பாள், யூதர் கூட்டத்தின் முன்வரிசையில்.

அந்த வருஷம்தான் மகள் தான் கட்டப்போகிற பையனைப் பற்றிச் சொன்னாள். வெள்ளைக்காரப் பையன், யூதக் குடும்பம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. வேதத்தில் வருகிற சனமல்லவா! தாவீது அரசனின் ஆட்கள் எங்களுக்குச் சம்பந்தியாக வருகிறார்கள் என்று விம்பிள்டனில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

பையனுக்குத் தகப்பன் இல்லை. தாய் பல் வைத்தியர். முதல் தடவை மகனோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, நான் என் நடிப்பைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். கயபா, பரிசேயரின் தலைவன் என்றேன்.

“கயபா சதுசேயர் பக்கம் அல்லவா?” என்று அவர் மெதுவாக இங்கிலீசில் கேட்டார். கோயிலும் அதிகாரமும் கையில் இருந்த பணக்காரர்கள் சதுசேயராம். ஊர்ச் சனத்தோடு இருந்து சட்டம் படிப்பித்தவர்கள் பரிசேயராம். அந்தப் பழைய யூதக் கோயில் இடிந்த பிறகு சதுசேயர் இல்லாமல் போனார்கள், பரிசேயரின் வழிதான் மிஞ்சியது, யூதப் போதகராக இருந்த தன் தகப்பன் வரைக்கும் அந்த வழி வந்தது என்றார். நாங்கள் சின்னப்பர் என்று கும்பிடுகிற பவுலும் தன்னைப் பரிசேயர் என்றுதானே சொன்னார் என்றார். நான் “ஓம் ஓம்” என்று தலையாட்டிவிட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய்க் கறி போட்டேன். எங்கள் மேடையில் பரிசேயர், சதுசேயர் எல்லாருக்கும் ஒரே கறுப்பு அங்கிதான்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவர்களை நாடகத்துக்கு அழைத்தேன். அழைத்ததோடு விட்டேனா? தமிழ் விளங்காதே என்று, முழு வசனத்தையும் நானே இங்கிலீசில் ரைப் அடித்து, மேடைக்குப் பக்கத்துச் சுவரில் புரொஜெக்டரால் விழுத்த ஒழுங்கு பண்ணினேன். குரோய்டனில் வேஷச் சாமான் விற்கிற கடைக்குப் போய் வளைந்த நீள மூக்கு ஒன்றும் வாங்கி வந்தேன். மூக்கு! எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை. கயபா என்றால் அப்படித்தான் இருப்பான் என்று யூதரை நக்கலடித்துக் கீறின, எங்கேயோ பார்த்த படம் மனதில் கிடந்திருக்கிறது.

சனிக்கிழமை இரண்டு காட்சி. மத்தியானக் காட்சிக்கு மகளும் பையனும் தாயும் முன்வரிசையில் இருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஆளுநன் பிலாத்து, பழி தனக்கில்லை என்று கையைக் கழுவினான். அடுத்தது என் கட்டம். இவனுடைய இரத்தப் பழி எங்கள் தலையிலும் எங்கள் பிள்ளைகளின் தலையிலும் விழட்டும் என்று நான் முதலில் கத்த வேண்டும், கூட்டம் அதைத் திருப்பிக் கத்த வேண்டும்.

கத்தினேன். கூட்டமும் மண்டபம் அதிரக் கத்தியது. அப்போதுதான் கீழே பார்த்தேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரைப் அடித்த வரி பெரிய எழுத்தில் அவர் முகத்துக்கு நேரே நின்றது. பையன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அட கடவுளே! யூதர் யூதர் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இந்த மனுசியைத்தானே? வேறு எந்த யூதர்? வெள்ளை அங்கி போட்ட, யேசுவின் சீடர் இராயப்பரை எங்கள் மேடையில் ஒருவரும் யூதர் என்று சொன்னதில்லை. இராயப்பர், சின்னப்பர், சூசையப்பர் எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர் மாதிரி எங்கள் ஆட்கள். மாதா எங்கள் மாதா. யேசுவும் யூதர்தான் என்பது ஐம்பது வயது தாண்டிய எனக்கு அந்த மூக்கோடு நிற்கும்போதுதான் உறைத்தது. கெட்டவர்களை மட்டும் யூதர் என்று கூப்பிட்டுப் பழகியிருக்கிறோம்.

நாடகம் முடிந்ததும் அந்த அம்மாவைத் தேடி நடைபாதைக்கு ஓடினேன். மூக்கைப் பிடுங்கியதில் பாதி வந்தது, பாதி பசையோடு முகத்திலேயே நின்றது. “சொறி” என்று இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்திய காலத்தில், தன் குடும்பம் வந்த ஊரில், பெரிய வெள்ளியன்று யூத ஆட்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பார்கள் என்றார். இந்த மாதிரி நாடகம் பார்த்த சனம் நேரே யூதர் வீடுகளைத் தேடி அடிக்கத்தான் வருமாம்.

கொழும்புக் கலவரத்தில் சனம் தமிழரைத் தேடி வீடு வீடாக வந்தபோது, கட்டிலுக்குக் கீழே வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த பிள்ளை நான்.

அவர் என் மகளின் பக்கம் திரும்பினார். “கல்யாணத்தை நான் தடுக்க மாட்டேன். ஆனால் உங்களுக்குப் பிள்ளை பிறந்தால், அது இந்த மண்டபத்தில் இருந்து இதைக் கேட்குமா? அதை மட்டும் எனக்குச் சொல்லு” என்றார். மகனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மகள் அழவில்லை. “அப்பா, நீங்கள் கத்தின அந்தப் பிள்ளையளுக்குள்ள என்ர பிள்ளையும் வருமெல்லோ? மாமிக்கு நான் என்ன சொல்லுறது?” என்றாள்.

“இனி அந்த வசனம் வராது. பின்னேரக் காட்சியிலேயே வராது. நிண்டு பார்” என்று அவளுக்குச் சத்தியம் பண்ணினேன்.

நாடகத்தை நெறிப்படுத்துகிற அண்ணையிடம் போய் அந்த வசனத்தை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். “வேதத்தில இருக்கிறதை வெட்ட நீர் ஆர்? பேசாமல் போய் வேஷத்தைக் கட்டும்” என்றார். சரி, என் வாய் என்னிடம்தானே இருக்கிறது? நான் தொடங்காவிட்டால் கூட்டமும் சொல்லாது. சுவரில் விழுகிற வரியை அழித்தேன், மூக்கைக் குப்பையில் போட்டேன். மனைவிக்குச் சொல்லப் போனால், அவள் சமையலறையில் தேத்தண்ணிக்கும் ரோல்ஸுக்கும் நிற்கிற சனத்துக்கு நடுவில் நின்றாள். பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் மகள் கோட்டைக் கழற்றாமல் கதவடியில் நின்றாள். பிலாத்து கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து அண்ணை வசனத்தின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார். பிறகு இன்னும் உரக்கக் கொடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மகள் கண் வெட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கூட்டத்தில் இருந்து மனைவி ஓரடி முன்னுக்கு வந்தாள். இரண்டு கையையும் மேலே தூக்கி, அந்த வசனத்தை, ஒரு சொல் பிசகாமல், அடி வயிற்றில் இருந்து கத்தினாள். கூட்டம் மத்தியானத்தைவிடப் பலமாகத் திருப்பிக் கத்தியது.

மகள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

திரை விழுந்ததும் மனைவி மூச்சு வாங்க என்னிடம் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “என்னப்பா, இத்தினை வருஷமாச் சொல்லுற வசனத்தைப் போய் மறந்திட்டியள்! நல்ல காலம், நான் பக்கத்தில நிண்டன்” என்றாள்.