கீமோ நாற்காலியில் பாவு பிணைத்தது

எனக்கு அறுபத்தெட்டு வயது. நான் பெற்றது மூன்று, தங்கை விட்டுப்போனது இரண்டு. ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். பள்ளிக்கூடம் மூன்றாவதோடு நின்றுவிட்டது. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன், நேரமாகும். இருந்தாலும் எழுதுகிறேன். வெண்ணந்தூரில் பாவு பிணைக்கப் புதிதாக வந்திருக்கும் பெண்கள், "பெரீம்மா, கீமோ போட்ட கை மறுபடி எப்படிங்க இந்த வேலை செய்யுது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

என் வேலை

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஒரு பாவு நெய்து முடிந்ததும் புதுப் பாவை அப்படியே ஏற்ற முடியாது. பழைய பாவின் நுனிகளைச் சீப்பு மாதிரி இருக்கும் அச்சிலேயே விட்டுவைத்து, புது இழை ஒவ்வொன்றையும் பழைய இழை ஒவ்வொன்றோடும் விரலால் முறுக்கி ஒட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சுழற்று. முடிச்சு இல்லை, முறுக்குதான். இழுத்தால் விடக் கூடாது. நான் பிணைத்த பாவு விட்டது என்று எந்தத் தறிக்காரரும் இதுவரை என் வாசலுக்கு வந்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மாமியார் தறி அருகில் "அறுந்துபோச்சு" என்ற சொல்லைச் சொல்ல விட மாட்டார். இழை அறுந்தாலும் "நல்லாத்தான் ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் பிணைக்க வேண்டும். அப்படியே பழகிவிட்டேன். உடம்புக்கும் அதே பேச்சுதான். யார் கேட்டாலும் நல்லா இருக்கிறேன் என்பேன். அந்தப் பழக்கம்தான் என் கையைத் தின்னப் பார்த்தது.

சிஸ்டர் கேட்டது

இடது மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு கீமோ என்று மூன்று மாதம் எழுதினார்கள். காலையில் போனால் சாயங்காலம் ஊட்டுக்கு வந்துவிடலாம். டே கேர் என்று பெயர். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், பக்கத்தில் டிரிப் ஸ்டாண்டு.

முதல் நாள் ஊசி போட வந்த நர்ஸ் லூர்து சிஸ்டர். சேலம் டவுன்காரப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. மூஞ்சியைப் பார்த்ததும், எங்கள் ஊரில் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி எனக்கு வாயில் வந்தது, "வா சாமி."

"என்னைப் போயி சாமின்னு கூப்பிடறீங்க, எங்க ஃபாதர் கேட்டா கோவிச்சுக்குவாரு" என்றது அந்தப் பிள்ளை. பிறகு என் வலது கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தது. எல்லாரையும் போல நோயைப் பற்றிக் கேட்கவில்லை.

"இந்தக் கை என்ன வேலை செய்யுதும்மா?"

சொன்னேன். விளங்கவில்லை. சேலைத் தலைப்பிலிருந்து இரண்டு இழை உருவி முறுக்கிக் காட்டினேன். இழுத்துப் பார்த்தது, விடவில்லை.

"அப்ப ஊசிய மணிக்கட்டுகிட்ட போட வேண்டாம். மேல போடறேன், விரல் ஃப்ரீயா இருக்கட்டும்" என்றது. "அடுத்த வாரத்துல இருந்து வீட்டுல இருந்து நூல் கொண்டாங்க. மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி வாராவாரம் எனக்குக் கொஞ்சம் பிணைச்சுக் காட்டணும். சாம்பல் மட்டும் இங்க ஆகாது, பவுடர் தர்றேன்."

பொழுது போகத்தான் கேட்கிறது என்று நினைத்தேன். வித்தையைக் காட்ட எனக்கும் ஆசைதான். ஒவ்வொரு வாரமும் பிணைத்ததை இழுத்துப் பார்த்துவிட்டு, என் டிரிப் ஸ்டாண்டிலேயே கட்டித் தொங்கவிடும்.

பக்கத்து நாற்காலி நல்லசிவத்துக்கு. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியில் ஆபரேட்டர். ஊர் ஊராகச் சுற்றிய மனிதரை ஒரே இடத்தில் கட்டிப் போட்டால் படபடப்பு வருகிறது என்று, சிஸ்டர் அவருக்கு மட்டும் ரோடு தெரிகிற ஜன்னலோரம் ஒதுக்கியிருந்தது. அவருக்கு நரம்பு சுலபத்தில் அகப்படாது. சுடுதண்ணீர்ப் பை வைத்து, தடவித் தடவிப் பார்த்துத்தான் போடும்.

"பெரீம்மா, கல்லுப் பாறையில எல்லாம் நானு தண்ணி எடுத்திருக்கறேன். என் நரம்புல பாயிண்டு பார்க்கறதுக்கு இந்தப் புள்ள எத்தன பாடு படுது பாருங்க" என்பார்.

"பேசாம இருங்கண்ணா, நீங்க பேசினா நரம்பு ஓடுது" என்று சிஸ்டர் அதட்டும்.

வழுக்கிய இழை

முடி போயிற்று. அதற்கு நான் அழவில்லை. இரண்டாம் மாதம் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் மரத்துப்போனது. ஒருநாள் டம்ளர் நழுவியது, எண்ணெய்க் கை என்றேன். ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை, கொக்கி பழசு என்றேன். டாக்டர் ரவுண்ட்ஸில் "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டபோது, "நல்லா இருக்கறனுங்க" என்றேன். பிள்ளைகளிடமும் அதேதான்.

அந்த வாரம் பிணைத்துக் காட்டியதை சிஸ்டர் இழுத்தது. விட்டுவிட்டது. இன்னொன்றை இழுத்தது. அதுவும் விட்டுவிட்டது.

"பவுடர் போட்டா இழை வழுக்கத்தான செய்யும்" என்றேன்.

"போன வாரமும் இதே பவுடர்தானேம்மா?"

"கஞ்சி சரியில்லாத நூலு. இந்த ஏசி குளிரு வேற."

"நூல் மேல பழி போடாதீங்க. கண்ணை மூடுங்க."

மூடினேன். விரலுக்கு நடுவில் ஒரு இழையை வைத்ததாகச் சொன்னது. பிடித்துக்கொண்டேன்.

"இழை கையில இருக்குதாம்மா?"

"இருக்குது சாமி."

"கண்ணைத் திறங்க."

இழை என் மடியில் கிடந்தது. விரல் இரண்டும் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

நல்லசிவம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபரேஷனுக்குக்கூட நான் பயந்ததில்லை. அன்று பயந்தேன். இந்த இரண்டு விரல் இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

சிஸ்டர் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தது. "எத்தனை நாளாம்மா?"

சொன்னேன். எறும்பு, டம்ளர், கொக்கி, எல்லாம். ஐந்து பிள்ளைகளுக்குச் சொல்லாததை அதனிடம் சொன்னேன். திட்டவில்லை. எழுந்து போய் டாக்டரை அழைத்து வந்தது. அன்றைக்கு மருந்து ஏற்றவில்லை.

என் பெரிய மகன் சேகர் கோபித்துக்கொண்டான். "பஸ்ஸு ஏறி வந்துட்டு, ஊசி போடாமத் திரும்பிப் போறதுங்களா? நோவு திரும்பி வந்துட்டா யாருங்க பதில் சொல்றது? அம்மா பாவு பிணைக்காட்டிப் போகுது, உசுரு இருந்தாப் போதுமுங்க."

"உசுரும் வேணும், விரலும் வேணும். ரெண்டுக்கும்தானே பார்க்கறோம்" என்றது சிஸ்டர்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இந்த மருந்து விரல் நரம்பை மரக்க வைக்கும், அதைக் கண்டுபிடிக்கத்தான் சிஸ்டர் வாராவாரம் பிணைக்கச் சொன்னாங்க. மருந்தை விட்டுடலீங்க. ஒரு வாரம் கழிச்சு அளவைக் குறைச்சுப் போடறோம். நோய்க்கு அது போதும். இன்னும் கொஞ்ச நாள் சொல்லாம இருந்திருந்தா விரல் திரும்பறது கஷ்டம்."

சேகர் பஸ்ஸில் வரும்போது என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தான்.

நடுவாரம் சிஸ்டர் போன் பண்ணும். "சுடுதண்ணிய விரல் விட்டுப் பார்க்காதீங்க, முழங்கையால பாருங்க. செருப்பு இல்லாம நடக்காதீங்க. அரிசிக்குள்ள உளுந்தைப் போட்டு, பார்க்காமத் தடவி எடுங்க. சும்மா நல்லா இருக்கேன்னு மட்டும் சொன்னா போனை வெச்சுடுவேன்."

"இன்னைக்குக் கட்டைவிரலு பரவால்ல, ஆள்காட்டி விரலு மந்தமாத்தான் இருக்குது சாமி" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அறுபது வயதுக்கு மேல் நான் கற்ற புது வேலை அதுதான்.

துண்டு

கீமோ முடிந்தது. மரப்பு உடனே போகவில்லை. மெதுவாக, நுனியிலிருந்து உள்ளே வந்தது போலவே, உள்ளேயிருந்து நுனிக்குப் போனது. ஒருநாள் உளுந்து எது, அரிசி எது என்று விரல் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் சில மாதம் கழித்துத்தான் பக்கத்துத் தறியில் துண்டுப் பாவு ஒன்று பிணைக்க உட்கார்ந்தேன். முன்பு ஒரே நாளில் முடிப்பேன். இது நான்கு நாள் ஆனது. ஒரு இழைகூட விடவில்லை.

செக்கப்புக்குப் போனபோது அந்தப் பாவில் நெய்த முதல் துண்டையும், நுனியில் பிணைப்பு தெரிகிற கற்றையையும் எடுத்துப் போனேன். டே கேரில் எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. நல்லசிவமும் செக்கப்புக்கு வந்திருந்தார், மீசை மறுபடி முளைத்திருந்தது.

கற்றையை சிஸ்டரிடம் நீட்டினேன். "இழுத்துப் பாரு சாமி."

இழுத்தது. விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது.

"ரிக் வண்டியில கட்டி இழுத்தாலும் வராது போலிருக்குதுங்க" என்றார் நல்லசிவம். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டிரிப் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். சிஸ்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே அடுத்த நாற்காலிக்குப் போனது. அங்கே புதிதாக வந்திருந்த ஒரு அம்மாவின் கையைப் புரட்டிப் பார்த்து, "இந்தக் கை என்ன வேலை செய்யுதும்மா?" என்று கேட்டது.

பிணைக்க வந்திருக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். பாவில் இழை போனால் அப்போதே தறியை நிறுத்துங்கள். நல்லாத்தான் ஓடுகிறது என்று விட்டால் துணி முழுக்கக் கோடு விழும். உடம்பும் அப்படித்தான். கேட்கத் தெரிந்த ஒருத்தர் வந்து கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். அதில் ஒரு கௌரவமும் குறையாது. எனக்குக் குறையவில்லை.

இதை எழுதிய பென்சிலைப் பிடித்திருப்பதும் அந்த இரண்டு விரல்தான். எழுதியதைப் படித்துக் காட்டப் பேத்தியைக் கூப்பிடுகிறேன். தேன்மொழி, இங்க வா கண்ணு. மொதல்ல இருந்து சத்தமாப் படி. எங்கியாச்சும் இழை விட்டிருந்தா அப்பவே நிறுத்திச் சொல்லோணும், நல்லா இருக்குதுங்க ஆத்தான்னு மட்டும் சொல்லிப்போடாத.