துறைத்தலைவரின் பிரபஞ்சம்

அந்தக் கண்ணாடித் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. புரொஜெக்டரில் வைத்துத் திரையில் படம் காட்டுவோமே, அந்தத் தாள். அதன் கீழ் ஓரத்தில் மங்கலாக ஒரு நீலக் கறை. எங்கள் இயற்பியல் துறைத்தலைவரின் எச்சில்.

தொண்ணூறுகளில் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து, அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. படித்தேன். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் சிறிதும் பெரிதுமாகத் திரண்டுதான் பின்னால் விண்மீன் கூட்டங்கள் உருவாயின என்பார்கள். அந்தக் கரும்பொருளின்மேல் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஓயாமல் மோதியிருந்தால் என்ன ஆகும்? சின்னத் திரட்டுகள் கரைந்துபோகும், பெரியவை தப்பிக்கும். இதை நானே கணக்குப் போட்டு அந்தத் தாளில் வளைகோடாக வரைந்திருந்தேன். எங்கள் கல்லூரிக் கருத்தரங்குக்கு வரும் ஆய்வு நிறுவனப் பேராசிரியருக்குப் பிடித்துவிட்டால், என்னை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வார் என்று கனவு வேறு.

கருத்தரங்கன்று காலை தலைவர் தாளை வாங்கிக்கொண்டார். பழுத்துப்போன நோட்ஸை வாசித்தே சம்பளம் வாங்கிய மனிதர். "மேடையில நீ பதறுவேம்மா. நானே பேசிடறேன்" என்றவர், கைக்குட்டை நுனியில் எச்சிலைத் தொட்டு என் பெயரைத் துடைத்தார்.

"இன்னாடி இது, சிலேட்டு அழிக்கிற மாறி அழிச்சிக்கினுகீறாரு?" என்றாள் பக்கத்தில் நின்ற, சேக்காட்டிலிருந்து வரும் தோழி. பெயரோடு, கோட்டின் இரு முனைகளிலும் 'சிறியது', 'பெரியது' என்று எழுதியிருந்ததும் போயிற்று. அந்த மேதைக்கு அது உறைக்கவேயில்லை.

மேடையில் தாளை முன்பின்னாகப் புரட்டி வைத்தார்; திரையில் கோடு இடம் வலமாக மாறி விழுந்தது. இடப்பக்கம் சின்னவை என்று நான் சொன்னது மட்டும் மனப்பாடம். வாய் கூசாமல் விளக்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். "சார், அப்ப சின்னதெல்லாம் பொழைச்சுக்கும், பெருசுதான் கரையுமா?"

"கரெக்டா புடிச்சிட்டேம்மா!"

அரங்கம் கைதட்டியது. வந்திருந்த பேராசிரியர் தட்டவில்லை. மேடையேறி, தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "இதை வரைஞ்சது யாரு?" என்று கேட்டார். தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. அதே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். நெற்றியிலிருந்து கன்னம்வரை என் பெயரின் நீல மை.

தோழி என் கையைப் பிடித்து உயர்த்தினாள். ஆராய்ச்சி இடம் எனக்குக் கிடைத்தது.

ஓய்வுபெற்று ஐயப்பன்தாங்கலில் இருக்கும் தலைவர், "அந்தப் பொண்ணு பேரு என் கையாலதான் வெளிய வந்துச்சு" என்று சொல்லித் திரிகிறாராம். நேற்று தாளை எடுத்துப் பார்த்தேன். கறையைத் துடைக்கவில்லை. அதன்மேலேயே என் பெயரை எழுதினேன், எச்சிலுக்கு அழியாத மையில்.