ஏடு தூக்குகிறவள்

மாசி மாதம் நெருங்குகிறது என்றாலே எனக்கு அலுப்புத் தட்டிவிடும். பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து அந்த அம்மா வந்துவிடுவார். பல்கலைக்கழக நூலகத்தின் மாடியில், அரிய சுவடிகளைப் பாதுகாக்கும் எங்கள் பகுதிக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடக்கிறது. நான் காலையில் கதவு திறக்க வரும்போதே அதன் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பார். பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்.

"ஏட்டக் கேட்டு வந்தேங்க மிஸ்" என்பார்.

ஒவ்வொரு வருடமும் அதே பேச்சு. நானும் அதே பதிலைச் சொல்வேன். இங்கிருந்து எதுவும் வெளியே போகாது, உள்ளே வந்து பார்க்கலாம், வேண்டுமானால் பிரதி எடுத்துத் தருகிறோம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். தோட்டத்துத் தேயிலைத்தூள் பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு, "வரேங்க" என்று போய்விடுவார். சண்டை பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்தத் தூளில் தேநீர் போட்டுக் குடிக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். அவர் மீதா, என் மீதா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

அவர் கேட்டது காமன் கூத்து ஏடு. ஏடு என்றதும் பனையோலை என்று நினைக்க வேண்டாம். தடித்த அட்டை போட்ட நீளமான கொப்பி. மன்மதன் எரிந்துபோவதும் ரதி புலம்புவதுமாக, தோட்டங்களில் மாசியில் ஆடும் கூத்தின் பாட்டுகளைப் பல கைகள் அதில் எழுதியிருக்கின்றன. பாட்டு மற்றத் தோட்டங்களிலும் உண்டு. இந்த ஏட்டில் விசேஷம் பின்பக்கம்தான். தோட்டத்தின் ஒரு பிரிவான அந்த டிவிஷனில் வருடம் முழுக்க யார் யார் செத்தார்களோ, அவர்களுடைய பெயர்களைக் கூத்து நாளன்று பொழுது சாயும் நேரத்தில் ஏட்டின் பின்பக்கத்தில் எழுதி, உரக்க வாசிப்பார்கள். அதற்குப் பிறகுதான் கூத்து. ரதி தன் புருஷனுக்காக அழும் அழுகையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஏட்டில் ஏறாத பெயருக்கு ரதி அழமாட்டாள் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. நான் இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பே ஓர் ஆய்வுக் குழு தோட்டம் தோட்டமாக அலைந்து இப்படிப்பட்டவற்றைச் சேர்த்திருந்தது. அந்த வருடம் பேய்மழை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகி ஏட்டின் ஓரம் நனைந்திருக்கிறது. அதை வைத்திருந்த பெரியவர், படித்தவர்கள் பத்திரமாக வைப்பார்கள் என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். கோயிலில் ஒரு பொருளைக் கொடுத்து வைப்பது போலத்தான் அவர் கொடுத்தார். நூலகப் பதிவில் அது நன்கொடை என்று ஏறியது. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஏடு எங்களிடம் வந்த பிறகு அந்த டிவிஷனில் விழுந்த முதல் சாவு அந்த அம்மாவின் மகளுடையது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்து கொட்டியதில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். நல்ல தாளில், அட்டை கட்டி, அசல் மாதிரியே ஒரு பிரதி செய்து நான் அவரிடம் நீட்டிய வருடம் அது. பெயரை இதில் எழுதிக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு, அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எம்மக அசலாத்தாங்க செத்தா. நகல்ல எதுக்குங்க எழுதணும்?"

அந்தப் பிரதி இன்னமும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

எங்கள் நூலகர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை. "உங்கட ஆக்களுக்கு நீங்கள்தான் விளங்கப்படுத்த வேணும். ஒண்டை வெளிய விட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பினம். பிறகு இஞ்ச என்ன மிஞ்சும், வெறும் ராக்கைதான்" என்பார். அவர் சொல்வதிலும் பிழை இல்லை. அந்த ஏட்டில் பூச்சி ஏறாமல், பூஞ்சணம் பிடிக்காமல் இத்தனை காலம் பார்த்துக்கொண்டவளே நான்தான். டிக்கோயாவில் லயத்தில் பிறந்தவள் என்பதால் நூலகத்தில் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் என்னுடைய ஆட்கள். தோட்டத்துக்குப் போனால் நான் கெம்பஸ் மிஸ். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கு இடி பழகிவிட்டது, சத்தம் போடத்தான் தெம்பில்லை.

போன மழையில் அவர்களுடைய லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. இனி அங்கே குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சில குடும்பங்களுக்கு ஒரு பக்கம், சில குடும்பங்களுக்கு வேறொரு பக்கம் என்று இடம் காட்டியிருக்கிறார்கள். இந்த வருடம் அந்த அம்மா வந்தபோது தேயிலைத்தூள் கொண்டுவரவில்லை.

"இதுதாங்க கடைசிக் கூத்து. அடுத்த மாசிக்கு நாங்க ஒரே எடத்துல இருக்க மாட்டோம். இப்ப எம்மக பேரு ஏறலன்னா இனி எப்பவுமே ஏறாதுங்க மிஸ்."

நான் நூலகரிடம் போய் நின்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் நூலகக் குழுவின் முன் போய் நின்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயம். கடைசியில் ஒரு நாளைக்கு என்று அனுமதி வந்தது, நிபந்தனைகளோடு. ஏட்டை என்னைத் தவிர வேறு யாரும் தூக்கக் கூடாது. நெருப்புக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. அதில் புதிதாக ஓர் எழுத்தும் விழக் கூடாது.

"எழுத விடேலாது. அதை மட்டும் கேளாதேங்கோ" என்றார் நூலகர். "உங்களை நம்பித்தான் நான் கையெழுத்து வச்சனான்."

நானும் அவர் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதைப் போட்டேன். ஓய்வுக்கு அதிக காலம் இல்லை. என் பேரில் பிழை ஒன்றும் ஏறாமல் வீட்டுக்குப் போனால் போதும் என்பதுதான் சில வருடங்களாக என் ஒரே ஆசை. அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத முடியாது, ஏட்டை வைத்துக்கொண்டு பெயரை வாசிக்கலாம், என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "மொதல்ல ஏடு வரட்டுங்க" என்றார்.

நூலக வேன் பூண்டுலோயா டவுன் வரைதான் வந்தது. தோட்டத்து ரோட்டில் ஏறினால் அடி தட்டும் என்று சாரதி சிங்களத்தில் சொல்லிவிட்டு, காலையில் வந்து ஏற்றிக்கொள்வதாகத் திரும்பிவிட்டார். நான் ஆட்டோ பிடித்தேன். மடியில் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து ஆட்டோக்காரத் தம்பி, "கேக்குங்களா மிஸ்?" என்று கேட்டார். ஏடு என்றேன். பாட்டை நிறுத்திவிட்டு, பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்ட ஆரம்பித்துவிட்டார். ரோடு சரிந்திருந்த இடத்தில் அவரும் நின்றுவிட, மிச்சத்தை நடந்தேன். எனக்கு முழங்கால் வலி. பெட்டியோடு மேட்டில் ஏறும்போது நூலகரை, குழுவை, அந்த அம்மாவை, அந்தப் பெரியவரை, எல்லோரையும் மனதுக்குள் வைதுகொண்டே ஏறினேன்.

லயத்துச் சுவர்களில் வெடிப்பு ஓடியிருந்தது. சில காம்பரா வீடுகளின் வாசலில் சாமான் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். இத்தனைக்கு நடுவிலும் காமன் பொட்டலைச் சாணி தெளித்து, தோரணம் கட்டி, கம்பம் நட்டிருந்தார்கள். பொட்டலின் எல்லையில் தப்பு அடித்து எங்களை வரவேற்றார்கள். எங்களை என்றால் ஏட்டையும் என்னையும்.

"கைய நீட்டுங்க மிஸ்" என்றார் கூத்து மாஸ்டர். மஞ்சள் நூலை என் மணிக்கட்டில் கட்டினார். "காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலதானுங்களே?"

"எங்கங்க நேரம்" என்றேன்.

"நல்லதுங்க" என்றார். சோறு போடுவார்கள் என்று நினைத்தேன். போடவில்லை. தேநீர்கூட வரவில்லை. ஒரு நாற்காலியைக் கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் என் முன்னால் வந்து கும்பிட்டார்கள். ஏட்டைத்தான் கும்பிடுகிறார்கள் என்று நானும் பேசாமல் இருந்தேன். பசியில் தலை சுற்றியது.

மலை முகட்டிலிருந்து மூட்டம் இறங்கத் தொடங்கிய நேரம், சனம் எல்லாம் பொட்டலுக்கு வந்துவிட்டது. ரதி வேடம் போடுகிறவர் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை செய்கிறவர். சட்டைக்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு, பாதி முகத்துக்கு அரிதாரம் பூசியபடி வந்து நின்றார். அந்த அம்மா வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் நின்றார். மாஸ்டர் என்னிடம் குனிந்தார்.

"எழுதலாங்களா மிஸ்?"

"எழுதக் கூடாதுன்னு சொல்லித்தானே கொண்டாந்தேன். வாசிக்க மட்டுந்தான்."

"எழுதாதத எப்புடிங்க வாசிக்கிறது?"

"அது உங்க பாடு. இதுல யாரு கை வச்சாலும் என் வேல போயிரும்."

"நாங்க யாரும் கை வைக்க மாட்டோங்க" என்றார் மாஸ்டர். "நீங்கதான் எழுதணும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த டிவிஷனில் ஏடு தூக்கி வருகிற ஆள்தான் பெயர்களை எழுத வேண்டும்.

"சொந்தச் சாவ சொந்தக் கையால எழுதக் கூடாதுங்க. அடுத்த வீட்டுக்காரன் எழுதினா, மனசுல என்னத்த வச்சுக்கிட்டு எழுதினான்னு பேச்சு வரும். அதுக்குத்தான் ஏடு தூக்குறவருக்கு காப்பு கட்டி, பட்டினி போட்டு, அன்னைக்கு மட்டும் யாருக்கும் ஒட்டு ஒறவு இல்லாத ஆளா ஆக்கிறது. முன்ன தூக்கினவரும் செத்துட்டாரு, அவரு பேரும் எழுதணும். வேற ஆள வச்சு தூக்கலாம்னுதான் பேசினோம். ஒங்களத் தவிர யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

குழு அத்தனை யோசித்து எழுதிய நிபந்தனை. ஏட்டைக் காப்பாற்ற எழுதியதே என்னை ஏடு தூக்குகிறவளாக ஆக்கிவிட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று கத்தினேன். "அதுக்குத்தாங்க சொல்லல" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"முடிவெடுங்க மிஸ், பூசினது கரையுது" என்றார் ரதி.

அந்த அம்மா மட்டும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் போலவே நின்றுகொண்டிருந்தார்.

தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இருந்தது. நூலகரைக் கூப்பிட்டால் முடியாது என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். என்னை நம்பிக் கையெழுத்து வைத்த மனிதர். தொலைபேசியைத் திரும்ப வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஏட்டின் பின்பக்கத்தில், கடைசியாக எழுதிய பெயருக்குக் கீழே தாள் வெறுமையாகக் கிடந்தது.

பைக்குள் கைவிட்டேன். எங்கள் பகுதியில் பேனாவுக்கு அனுமதி இல்லை. மை சிந்தினால் போச்சு. என் பையில் இருப்பது எப்போதும் பென்சில்தான். அது கையில் தட்டுப்பட்டதும் எனக்கு உயிர் வந்தது. பென்சிலில் எழுதினால் அழித்துவிடலாம். நூலகத்துக்குத் திரும்பியதும், மெல்லிய ரப்பரால், தாள் நோகாமல் அழிக்க எனக்குத் தெரியும். அதுதானே என் தொழில். இவர்கள் இனிப் பார்க்கப்போவதில்லை. நூலகருக்கும் தெரியப்போவதில்லை. எல்லோருக்கும் நல்லவளாக இருக்க ஒரு வழி கிடைத்துவிட்டது.

பென்சிலை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் பென்சிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. மகளின் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பெயர் பதியக் கொடுக்கிறவரைப் போல, நிறுத்தி நிறுத்தித் தெளிவாகச் சொன்னார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பென்சிலைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"யாருகிட்டயாவது பேனா இருக்குங்களா?" என்று கேட்டேன்.

ரதி சேலைத் தலைப்பை விலக்கி, உள்ளே இருந்த ஸ்டோர் சட்டையின் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.