கொண்டை ஊசி வளைவில் ஒரு டேட்டாபேஸ்

காலை ஏழு மணி, ஒரே ஒரு சர்வர், பெயர் பட்டத்து யானை. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சிக்கந்தர் பாய் அலுவலகத்தில் அது ஓடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. கம்ப்யூட்டரைக் கவனிக்கிறவன் கம்ப்யூட்டர் இருக்கும் ஊரில் இருக்க வேண்டும், குடும்பம் இருக்கும் ஊரில் அல்ல. இதே சோலியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் மனைவி வசந்தா கோவையில் ஆசிரியை. மகள் யாழினி அங்கே இரண்டாம் வகுப்பு. நான் ஒரு நாளிதழில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்து, அது மூடிய பிறகு இங்கே வந்தவன்.

யானை படுத்த நாள்

தீபாவளிக்கு முந்தின நாள் கோவைக்குக் கிளம்பினேன். தேனி பஸ் நிலையத்தில் ஜன்னல் ஓர சீட்டும் பிடித்தாயிற்று. போன் வந்தது. போடியில் கரண்டு போய் வந்ததில் சர்வர் எழுந்திருக்கவில்லை. இறங்கித் திரும்பினேன். யாழினிக்கு வாங்கிய மத்தாப்புப் பெட்டி அந்த வருடம் அலுவலக அலமாரியில் இருந்தது.

அன்றுதான் பாய் யோசிக்க ஆரம்பித்தார். தை மாதம் என்னைக் கூப்பிட்டு, இணையம் வழியாக ஒரு கம்பெனி நடத்தித் தரும் டேட்டாபேஸைச் சோதித்துச் சொல்லச் சொன்னார். சர்வர் அவர்களுடையது. பழுது பார்ப்பதும் நகல் எடுத்து வைப்பதும் அவர்கள் பொறுப்பு. அன்றன்று எடுத்த காயின் எடை, வேலைக்கு வந்த ஆட்கள் என்று நாம் பதிவுகளைப் போட்டு எடுத்தால் போதும். அவர் சொன்னது இது: "இது தேறிருச்சுன்னா யானைய அவுத்து விட்ருவோம் தம்பி. நீ கோயமுத்தூர்ல இருந்தே சோலியப் பாரு."

அதன் பிறகு வசந்தா தினமும் போனில் கேட்டது ஒரே கேள்வி. மகள் பரீட்சையைப் பற்றிக்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை: "பாஸாயிருச்சா?"

பாதிக் காய்

பழைய சர்வரில் எல்லாப் பதிவுக்கும் ஒரே கட்டங்கள்தான். புதியதில் ஒவ்வொரு பதிவும் தனித் தாள் மாதிரி. எழுதுகிறவர் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். இதைப் பாயின் மலை எஸ்டேட் மேஸ்திரி முருகனிடம் சொன்னதுதான் தாமதம், அவர் விட்டு விளாசினார். எந்தப் பாத்தியில் அட்டைப்பூச்சி அதிகம், யாருக்குக் காய்ச்சல், எந்தப் பக்கம் காட்டு யானைத் தடம், எல்லாம் பதிவாகின. படிக்க நாளிதழின் மாவட்டப் பக்கம் போல இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் காய் பாதிதான் இருந்தது. முருகன் ஒரு நாள் 'எடை' என்று போட்டிருக்கிறார், மறுநாள் 'வெயிட்டு', அதற்கடுத்த நாள் வெறும் 'கிலோ'. நான் கூட்டச் சொன்னது 'எடை'யை மட்டும். 'எடை' இல்லாத பதிவை ஏற்காதே என்று சேவையிலேயே ஒரு விதி வைக்க வழி இருந்தது, வைத்தேன். ஆனால் அதற்குள் பாய் திரையைப் பார்த்துவிட்டார். "ஏந்தம்பி, ஒங் கம்ப்யூட்டரு பச்சைக் காயாவே தின்னுருமா?"

காணாமல் போன செவ்வாய்

பத்திரிகையில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. ஒரு செய்தி உண்மையாக இருந்தால் தேவலை என்று மனம் ஆசைப்பட்டால், அதை இரண்டு முறை சரிபார்ப்பேன். இந்தச் சேவை தேற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுபோல எதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஆகவே எல்லாச் சோதனையும் இரண்டிரண்டு முறை. வசந்தாவிடம் இதைச் சொல்லவில்லை.

அழிந்தது மீண்டு வருமா என்று பார்க்க, செவ்வாய்க்கிழமைப் பதிவுகள் அத்தனையையும் நானே அழித்தேன். கம்பெனி எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து எல்லாம் தனியாக ஒரு பட்டியலில் வந்து நின்றன, ஒன்றும் குறையவில்லை. மறுநாளும் அழித்தேன், மறுபடியும் வந்தன. சந்தோஷத்தில் எழுந்து நடந்தேன். மலையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. அவற்றைப் பழைய இடத்தில் சேர்ப்பதற்குள், சாயங்காலம் மலை இறங்கும் வழியில் பார்த்துவிட்ட முருகன் போனில் கத்தினார்: "அண்ணே, செவ்வாக்கெழம எம்புட்டுப் பேரு மழையில நனஞ்சு காய் எடுத்தோம்! அன்னிக்கு யாருமே வேலைக்கு வரலன்னு காட்டுதே, எந்தப் பாவி பாத்த வேல இது?"

வளைவில் நின்ற ஜீப்

எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது. பதிவுகள் முருகனின் போனிலேயே தங்கி, சாயங்காலம் ஜீப்பு போடிமெட்டு மலைப் பாதையில் இறங்கும்போது மொத்தமாகப் போகும். எந்த இடத்தில் வைத்துப் போகும் என்பதை ஏலக்காய் எடுக்கும் பெண்கள்தான் பல வருடமாக முடிவு செய்து வைத்திருந்தார்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கீழே ஊர் தெரியும். போனில் சிக்னல் கோடுகள் ஏறும். ஜீப்பு அங்கே நிற்கும். எல்லோரும் வீட்டுக்குப் பேசுவார்கள். "சோறு தின்னியா?", "தம்பிய அடிக்காத", "இந்தா வந்துட்டேன்."

ஒரு நாள் நானும் அந்த ஜீப்பில் வந்தேன். முருகனின் போனில் பதிவுகள் ஏறிக்கொண்டிருந்தன. நான் கோவைக்குப் போன் போட்டேன். யாழினி எடுத்து, ஒரு பல் விழுந்துவிட்டது, அம்மாவிடம்கூட இன்னும் காட்டவில்லை என்றாள். எந்தப் பல் என்று கேட்பதற்குள் டிரைவர் ஹாரனை அடித்துவிட்டார். "எல்லாம் போயிருச்சுல்ல, ஏறுங்க வெரசா." பின்சீட்டில் இருந்த காய் எடுக்கும் செல்லத்தாயி அசையவில்லை. "இருப்பா. அந்தப் பொட்டி பேசி முடிச்சிருச்சு, நான் இன்னும் எம் மகங்கிட்ட பேசி முடிக்கல."

தீர்ப்பு

மாசிக் கடைசியில் எழுதிக் கொடுத்தேன். சேவை தேறியது. குறை ஒன்றே: மலையில் பதிவு போடுகிறவர்களுக்கு நேரில் போய்ப் பழக்கிக் கொடுக்காவிட்டால் காய் மறுபடி பாதியாகும். நேர்மையாகப் பார்த்தால் அந்த வரியை விட முடியாது. விடவில்லை.

பாய் படித்தார். சர்வரை அன்றே அணைக்கச் சொன்னார். எனக்குத் தேநீர் வரவழைத்தார். பிறகு அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "அடுத்து காய் சீசன் வருது. மெட்டுல இருக்குற நம்ம எஸ்டேட்டு எல்லாத்துக்கும் ஒன்ன விட்டா யாரு தம்பி போயிப் பழக்குவா?"

ஜூன் மாதம் கோவையில் பள்ளி திறந்த அன்று யாழினி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போனாள். எந்த ஊரில் இருந்தும் பார்க்கலாம் என்று நான் தேறவைத்த சேவையை, நான் போடிமெட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.