ஐஸ் டம்ளரில் கிடந்த கம்பி

காலை பத்தரை மணி இருக்கும். எங்கள் ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக்குக் காய் வெந்துகொண்டிருந்தது. அம்மையார்குப்பத்திலிருந்து நைனாவின் மகள் போன் செய்தாள். "நைனா போயிட்டாருங்க. பல்லு வெளக்கிகினு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு" என்றாள். எனக்கு முதலில் தோன்றியதை ஒளிக்காமல் சொல்கிறேன். வியாழக்கிழமை வந்து தயிர் வைக்கும் ஃபிரிட்ஜைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வராமல் இருக்க இப்படியும் ஒரு சாக்கா என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்த குணம். அவர் தெருவில் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் அழுகை வந்தது.

இந்த நினைவு மலரைப் படிக்கும் ஓட்டல்காரர்கள் எல்லோருக்கும் அவர் நைனாதான். சீனிவாசுலு என்ற பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. முதலில் விசைத்தறி மோட்டார் பழுது பார்த்தார், பிறகு ஃபிரிட்ஜ். கடைசி சில வருடங்களாகத் திருத்தணியில் பல சமையலறைகளில் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியை மாட்டியவர் அவர்தான். பெட்டி வெளியே இருக்கும். அதன் ஒயர் முனையில் உள்ள கம்பி ஃபிரிட்ஜுக்குள் இருக்கும். உள்ளே எவ்வளவு குளிர்ச்சி என்பது ஒரு கோடாக நம் போனில் ஓடும். ஐந்து டிகிரியைத் தாண்டினால் போன் கத்தும்.

எங்கள் ஓட்டலுக்கு அவர் முதலில் வந்த அன்று பெட்டியை உடனே மாட்டவில்லை. ஒரு டம்ளர் கேட்டார். ஐஸை நொறுக்கிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கம்பியை அதில் முக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பூஜ்யம் காட்டிய பிறகுதான் எழுந்தார். "ஐஸ் தண்ணிகிட்ட பொய் சொல்லாத மெஷினுதாம்மா நம்மகிட்டயும் பொய் சொல்லாது" என்றார். புதுப் பெட்டியையே நம்பாத இந்த மனிதரை நான் எப்படி நம்புவது? இது நம் போனுக்கு மட்டும்தான் போகிறதா, எந்த அதிகாரிக்காவது போகிறதா என்று கேட்டேன். "உங்களுக்கு வரும், எனக்கு வரும். வேற யாருக்கும் போவாது" என்றார். எனக்கு வரும் என்றதுதான் உறுத்தியது. இரண்டு வாரம் அந்தப் பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தேன். துண்டு போட்டால் ஃபிரிட்ஜின் சூடு மறையாது என்று அவர் சொல்லித்தான் எடுத்தேன்.

பரிமாறுகிறவர்கள் கை கழுவுகிறார்களா என்று பார்க்கக் குழாய்க்கு மேலே ஒரு கேமராவும் மாட்டினார். ஆயுத பூஜை வந்தது. கிரைண்டர், அடுப்பு, அரிவாள்மனை என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கேமராவுக்கும் வைத்தோம், சரியாகக் கண்ணாடியின் நடுவில். நான்கு நாள் அது சந்தனத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் நைனா வந்து நின்றார். "சாமி பேரச் சொல்லி கண்ணக் கட்டிட்டீங்களா?" என்று கேட்டார். தெரியாமல் வைத்தது என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. கடைசியில் சிரித்துவிட்டுத் துடைத்தார். "பொட்டு நெத்தியில வெக்கணும்மா, கண்ணுல வெக்கக் கூடாது" என்று சொல்லி, அவரே கேமராவின் தலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

இனிதான் நான் எழுத வந்த விஷயம். இதை எழுதாமல் அவரைப் புகழ்ந்தால் அது பொய்.

போன ஆடிக் கிருத்திகை. கூட்டம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். காவடி எடுத்து மலை இறங்கி வந்தவர்கள் வாசல் வரை நின்றார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிரிட்ஜைத் திறந்தோம். நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. என் போன் கத்திக்கொண்டே இருந்தது. எரிச்சலில் நானே உள்ளே போனேன். எனக்கென்று வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஐஸை நிறையப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கம்பியை அதில் சொருகி, தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தேன். நைனாவின் வித்தையைத்தான் அவருக்கே காட்டினேன். போன் வாயை மூடியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

மதியம் நைனா வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் கூட்டத்துக்குள் நடந்தே வந்திருக்கிறார். "கிருத்திகை அன்னிக்கு எந்த ஓட்டல் ஃபிரிட்ஜும் இப்படி அசையாம இருக்காதும்மா. நல்ல கோடு ஆடிகினேதான் இருக்கும்" என்று தன் போனைக் காட்டிச் சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தார். தயிர்ப் பாத்திரத்தின் அடியைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. தேங்காய்ச் சட்னியை முகர்ந்து பார்த்தார். அவர் கை பாத்திரத்துக்குப் பின்னால் போனது. டம்ளர் வெளியே வந்தது.

மாஸ்டர், பரிமாறுகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். நான் முந்திக்கொண்டேன். "நீங்க மாட்டுன லட்சணம் இதுதானா? சாப்பிட வந்தவங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்று சத்தம் போட்டேன். அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆங், தப்பு எம்மேலதான். போன தடவ டெஸ்ட் பண்ணிட்டு எடுக்க மறந்துட்டேன்" என்றார். தயிரையும் சட்னியையும் கொட்டச் சொன்னார். கொட்டினோம். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வெளியே குழாயடியில் அவரைத் தனியாகப் பிடித்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "மொதலாளியம்மாவே டம்ளர் வெச்சாங்கன்னு தெரிஞ்சா, நாளைக்கு மாஸ்டரும் வெப்பாரு. அப்புறம் எந்தக் கம்பியும் நெசம் சொல்லாது" என்றார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "ஆளச் சந்தேகப்பட்டா சண்டைதாம்மா வரும். பொருளச் சந்தேகப்படு, நாலு வயிறு பொழைக்கும்" என்றார்.

அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? இந்த உதவிக்குப் பதிலாக என்ன கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. கேட்காததே பயமாக இருந்தது. என்றைக்காவது வெளியில் சொல்லிவிட்டால்? அதனால் நம் ஓட்டல்காரர்கள் கூட்டத்தில் நானே முதலில் வாயைத் திறந்தேன். "நைனாவுக்கு வயசாகிடுச்சு, கம்பிய ஐஸ் தண்ணியிலயே விட்டுட்டுப் போயிட்டாரு" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அடுத்த மாதமே மூன்று ஓட்டல்களில் அவரை நிறுத்திவிட்டு வேறு ஆளை வைத்தீர்கள். அவர் காதுக்கு அது போகாமலா இருந்திருக்கும்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல வந்து கம்பியை டம்ளரில் முக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாவு வீட்டுக்குப் போனபோது அந்தத் தெருவில் தறிச் சத்தம் நின்றிருந்தது. நீங்களும் வந்திருந்தீர்கள். "பாவம், கடைசில ஞாபகம் கொஞ்சம் தவறிப்போச்சு" என்று உங்களில் ஒருவர் அவர் மகளிடமே சொன்னார். அவள் தலையாட்டினாள். அப்போதும் நான் பேசவில்லை.

நேற்று காலை சமையலறையில் எல்லோரையும் கூப்பிட்டேன். அதே டம்ளரில் ஐஸ் போட்டுக் கம்பியை முக்கினேன். பூஜ்யம் காட்டியது. "கிருத்திகை அன்னிக்கு இதை வெச்சது நைனா இல்ல, நான்தான்" என்றேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. மாஸ்டர் டம்ளரைக் கையில் வாங்கி விளிம்பைக் காட்டினார். என் கல்யாணச் சீரில் வந்த டம்ளர் அது. வசந்தா என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது.

"அன்னிக்கே தெரியும்ங்க. அவருக்கும் படிக்கத் தெரியும்" என்றார் மாஸ்டர்.

"அப்புறம் ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"உங்களுக்காக அந்தாளு பழிய ஏத்துகினு நின்னாரு. அத்தப் பாத்த பொறவு நாங்க இன்னாத்த சொல்றது? அந்தக் கம்பிய மட்டும் இதுவரைக்கும் ஒருத்தரும் தொடலீங்க."

அதையும் நான் நம்பவில்லை. கல்லாவில் போய் உட்கார்ந்து போனை எடுத்து, அந்தக் கிருத்திகையிலிருந்து நேற்றுவரை ஓடியிருந்த கோட்டை ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தேன். கூட்ட நாளில் ஏறியிருந்தது, கரண்ட் போனபோது ஏறியிருந்தது, பிறகு இறங்கியிருந்தது. ஒரே ஒரு நாள்தான் அசையாமல் நேராகக் கிடந்தது. அது நான் கை வைத்த நாள்.

நைனாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த டம்ளர் சோதனையும் அவருடைய சந்தேகமும்தான். மாதம் ஒருமுறை அவர் செய்ததுபோல் ஐஸ் தண்ணீரில் கம்பியை முக்கிப் பார்ப்பேன். அவரை நிறுத்திய மூன்று ஓட்டல்காரர்களும் இந்த மலரை எடுத்துக்கொண்டு அம்மையார்குப்பம் போய் அவர் மகளிடம் படித்துக்காட்ட வேண்டும். நானும் கூட வருகிறேன். அவர் எதையும் மறக்கவில்லை. டம்ளரில் இருப்பது என் பெயர்.